பழைய படங்களுக்கு எந்த வட்டு? காவிரிக் கரையிலிருந்து ஒரு கணக்கு

பழைய தமிழ்ப் படங்களையும் தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களையும் வீட்டில் சேர்த்துவைக்க நினைப்பவருக்கு இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. மூடிய வாடகைக் கடைகளின் மிச்சமாகக் கிடைக்கும் விசிடிக்களை அள்ளிக்கொள்ளலாம். டிவிடிக்களாகத் தேடி வாங்கலாம். கூடுதலாகச் செலவழித்து ப்ளூரேவுக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு வட்டுகளைப் பழைய சாமான் கடையில் போட்டுவிடலாம். ‘அதுதான் யூடியூபில் இருக்கிறதே’ என்று எதையும் வாங்காமலும் இருந்துவிடலாம். மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த சிலரை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோயில் கச்சேரிகளுக்குத் தவில் வாசிப்பவர், ஒரு காலத்தில் விசிடி வாடகைக் கடை வைத்திருந்தவர் என்று பலதரப்பட்டவர்கள். எதில் பணத்தைப் போடுவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் படங்களுக்கு டிவிடி, அதிலும் ஒரு வட்டில் ஒரே படம் இருக்கும் டிவிடி. வாங்கிய கையோடு அதை ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட வேண்டும். ப்ளூரே வங்காளப் படம், ஜப்பானியப் படம் என்று வெளியே போகிறவர்களுக்கு. வேறு எந்த வடிவத்திலும் கிடைக்காத படம் என்றால் மட்டும் விசிடி. யூடியூப், வாங்கலாமா வேண்டாமா என்று பதம் பார்க்க. இந்த வரிசையை வட்டின் தொழில்நுட்பத்தை மட்டும் வைத்துப் போடவில்லை. வட்டுக்குள் எந்தப் பிரதி போயிருக்கிறது என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். கடைக்காரர்களும் விளம்பரங்களும் அதைச் சொல்வதே இல்லை.

படமெடுத்த மூலச் சுருளான 35 மில்லிமீட்டர் நெகடிவில் அடங்கியிருக்கும் நுணுக்கத்தை எந்த டிவிடியாலும் முழுதாகத் தர முடியாது. ஆனால் நம் கைக்கு வரும் பழைய படங்களில் பெரும்பாலானவை நெகடிவின் பக்கமே போகாதவை. கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்த பிரதியைத் தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக எப்போதோ வீடியோ டேப்பில் பதிந்தார்கள். அந்த டேப்பிலிருந்து விசிடியும் டிவிடியும் பிறந்தன. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறைந்தால், அது ஆபரேட்டருக்கு ரீல் மாற்றச் சொல்லும் குறி. அந்த இடத்தில் ஒரு வசனம் பாதியில் அறுந்து அடுத்த காட்சிக்குத் தாவினால் பிரதியின் ரீல் முனைகள் சிதைந்திருக்கின்றன என்று பொருள். படம் முழுக்க மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடினால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட மூலத்தை ப்ளூரேயில் போட்டாலும் கோடுகள்தான் கூடுதல் துல்லியமாகத் தெரியும்.

மூலப் பிரதி ஏன் இந்தக் கதி என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு காரணம் சொல்லலாம். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள்கள் நைட்ரேட் என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. தீப்பிடிக்காவிட்டாலும் நம் வெப்பத்தில் தாமாகவே சிதைந்து தூளாகும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைக்காது. மாயவரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’, 1944 தீபாவளியில் தொடங்கி மூன்று தீபாவளிகளைச் சென்னையில் ஒரே அரங்கில் கண்ட படம். அது இன்றும் பார்க்கக் கிடைப்பதே பாக்கியம். பிரதி கொஞ்சம் மங்கல் என்பதற்காக அதை ஒதுக்குகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

முதலில் விசிடி. 1993இல் வரையறுக்கப்பட்ட இந்த வடிவத்தின் படம் 352-க்கு 288 புள்ளி. டிவிடி 720-க்கு 576. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் டிவிடியில் நான்கு மடங்கு விவரம். இருபத்தொரு அங்குலப் பழைய டிவியில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறுத்தவில்லை. இன்றைய நாற்பத்துமூன்று அங்குலத் திரையில் கதாநாயகியின் மூக்குத்தி ஒரு வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. ஒரு விசிடியில் 74 நிமிடம், இழுத்துப் பிடித்தால் 80 நிமிடம் அடங்கும். மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று வட்டு வேண்டும். செலவைக் குறைக்க இரண்டு வட்டுக்குள் படத்தை அடக்கப் பாட்டுகளை வெட்டிய பதிப்புகளைப் பார்த்திருக்கிறேன். பாகவதர் படத்தில் பாட்டை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கும் என்று அந்தக் கத்திரிக்காரர் யோசித்ததாகத் தெரியவில்லை.

விசிடிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. கணினித் தகவல் பதியும் சிடியில் ஒவ்வொரு பகுதியிலும் 2048 பைட் தகவலும், கீறல் விழுந்தால் சரிசெய்துகொள்வதற்கான கூடுதல் குறியீடும் இருக்கும். விசிடியில் அந்தக் கூடுதல் பிழைதிருத்தத்தின் இடத்தையும் படத்துக்கே கொடுத்து 2324 பைட்டாக ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் 700 எம்பி வட்டில் ஏறத்தாழ 800 எம்பி படம் நுழைகிறது. அதனால்தான் சின்னக் கீறலுக்கும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. போதாததற்கு, சிடி வகையில் அலுமினியப் படலம் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் இல்லை. படம் அச்சடித்த மேல்பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்குச் சற்றுக் கீழே. நாம் அடிப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவிட்டு மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘பாகம் 2’ என்று அழுத்தி எழுதுகிறோம். வாடகைக் கடை விசிடிக்களில் பாதி செத்தது அந்த எழுத்தால்தான் என்பது என் எண்ணம். பழைய விசிடி வாங்குமுன் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனைபோல் ஒளி புகுந்தால் அங்கே படலம் போய்விட்டது.

இத்தனை குறை இருந்தும் விசிடியை அடியோடு தள்ளாததற்குக் காரணம், அதில் மட்டுமே வந்த சின்னப் படங்கள் ஏராளம். டிவிடி போடும் அளவுக்கு விற்காது என்று கருதப்பட்ட ஐம்பதுகளின் குடும்பக் கதைகள், பெயர் தெரியாத புராணப் படங்கள் இவையெல்லாம் மஞ்சளடித்த உறைகளில்தான் கிடைக்கின்றன. அவற்றை விடாதீர்கள்.

டெல்டாக்காரர்களாகிய நமக்கு இந்தத் தேர்வில் படத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: சுருதி. சினிமா நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பிஏஎல் நொடிக்கு 25 படங்கள் காட்டும். மாற்றும்போது யாரும் சிரமப்படுவதில்லை. 24ஐ 25 வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். விளைவு, படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது, குரல்களும் வாத்தியங்களும் அதே அளவுக்கு மேலே ஏறுகின்றன. கணக்குப் போட்டால் அரைக் கட்டையில் (கட்டை என்பது பாடகர்கள் சுருதியைச் சொல்லும் அளவு) ஏறத்தாழ முக்கால் பங்கு. இரண்டு கட்டையில் பாடியது இரண்டரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும், ஆனால் இரண்டரையாகவும் இருக்காது. வசனப் படத்தில் இது யாருக்கும் தெரியாது. சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாம்பாளும் மோதிக்கொள்ளும் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) போன்ற படத்தில், எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம் இப்படி ஏறினால் எங்கள் ஊர்ப் பக்கம் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் மேலே சொன்ன தவில்காரர் ஒரு பழைய படத்தின் விசிடியைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில், ‘சீவாளியை மாற்றினாரா, நாயனத்தையே மாற்றினாரா?’ என்று கேட்டார்.

இதைக் கண்டுபிடிக்க இசை ஞானம் வேண்டும் என்பதில்லை. வகுத்தல் தெரிந்தால் போதும். படத்தின் தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். ரீல் எண்ணிக்கையும் படத்தின் நீளமும் அதில் இருக்கும். 35 மில்லிமீட்டர் படத்தில் ஒரு அடிக்கு 16 படங்கள். நொடிக்கு 24 என்றால் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக, அடிக்கணக்கில் நீளம் கொடுத்திருந்தால் 90ஆல் வகுக்க வேண்டும். மீட்டரில் இருந்தால் 27.4ஆல். 16,200 அடி என்று போட்டிருந்தால் படம் 180 நிமிடம் ஓட வேண்டும். உங்கள் வட்டும் 180 காட்டினால் வேகமும் சுருதியும் சரி, வெட்டும் இல்லை. 173 காட்டினால் படம் முழுதாக இருக்கிறது, வேகம்தான் கூடியிருக்கிறது. 155 என்று நின்றால் நான்கைந்து பாட்டோ ஒரு நகைச்சுவைத் தடமோ காணாமல் போயிருக்கிறது. பழைய வட்டு வாங்கும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியாது. சான்றிதழையே வெட்டிவிட்ட வட்டுகளும் உண்டு. அவை மற்றவற்றையும் வெட்டியிருக்கும் என்று நான் சந்தேகப்படுவது வழக்கம்.

இந்தச் சோதனையில் டிவிடி சில நேரம் ஜெயிக்கும். வெளிநாட்டுத் தமிழர்களை மனத்தில் வைத்து வந்த தமிழ் டிவிடிக்கள் பல, அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் போடப்பட்டவை. அந்த முறையில் 24 படங்களை வேகம் மாற்றாமல் பொருத்த வழி இருக்கிறது, எனவே சுருதி தப்பிக்கும். ஆனால் உறையில் என்டிஎஸ்சி என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஏற்கெனவே வேகம் கூடிய பிஏஎல் டேப்பிலிருந்து என்டிஎஸ்சிக்கு மாற்றியிருந்தால் ஏறிய சுருதி ஏறியதுதான், படமும் கொஞ்சம் நடுங்கும். மறுபடியும் 90ஆல் வகுத்துத்தான் ஆக வேண்டும். வேகம் கூடிய வட்டு ஒன்றே கிடைக்கிறது என்றால், அதைக் கணினிக்கு மாற்றி விஎல்சி என்னும் படம் ஓட்டும் மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்கி, ஒலியின் சுருதியைத் தானாகச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். நாயனம் இறங்கிவந்து தன் இடத்தில் உட்காரும். டிவிக்குக் கீழே இருக்கும் சாதாரண பிளேயரில் இதைச் செய்ய முடியாது.

டிவிடிக்களுக்குள்ளேயே தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். 2007இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது, பெட்டிக்கடையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில்கூடப் படம் தொங்கியது. அந்த மலிவு நமக்குக் கொடுத்த கொடை பெரிது. இன்று பலருடைய சேகரிப்பின் பாதி அந்தக் காலத்து வட்டுகள்தான். அதே காலத்தில் பல கம்பெனிகளும் போட்டிக்கு ‘ஒன்றில் மூன்று’ என்று போட்டன. அந்த மூன்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. தகவல் பதியும் படலம் இரண்டு அடுக்காக இருக்கும் இரட்டைப் படல வட்டு 8.5 ஜிபி. இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்றை இரட்டைப் படல வட்டில் தனியாக வைத்தால் படத்தின் ஒவ்வொரு நொடிக்கும் ஏறத்தாழ 6.9 மெகாபிட் தகவல் கிடைக்கும். ஒற்றைப் படலத்தில் 3.8. மூன்று படங்களை ஒற்றைப் படல வட்டில் திணித்தால், படத்துக்கு இரண்டரை மணி என்று வைத்துக்கொண்டாலும், 1.4தான் மிஞ்சும். விசிடியின் படத்துக்கு ஒதுக்கப்பட்டது 1.15. ஆக டிவிடி என்ற பெயரில் விசிடியைவிடச் சற்றே மேலான ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிறோம். மூன்று தனி வட்டுக்கும் ஒரு மூன்று-படவட்டுக்கும் இடையே தேர்வு என்றால், மூன்றில் ஒரு படத்தை மட்டும் தனி வட்டாக வாங்குங்கள். மற்ற இரண்டும் எங்கே ஓடிவிடப் போகின்றன.

உறையில் பெரிதாக ‘5.1 சரவுண்ட்’ என்று போட்டிருப்பதை நான் ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வேன். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவான பாட்டை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரிப்பதாகச் சொல்லி எதிரொலி சேர்த்துக் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆக்கியிருப்பார்கள். ‘மோனோ’ என்று நேர்மையாகச் சொல்லும் வட்டு கிடைத்தால் அதையே எடுங்கள்.

திரையின் அளவு இன்னொரு கண்ணி. 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’தான் தமிழின் முதல் சினிமாஸ்கோப். தஞ்சைக்காரர்கள் வீட்டில் இருந்தே தீர வேண்டிய படம் என்பார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அகலம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு. அந்தக் காலத்து டிவியின் விகிதம் 1.33. பழைய விசிடியில் திரை முழுவதும் படம் நிறைந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விட்டது என்று கணக்கு. அரசவையில் மன்னர் இருப்பார், பேசிக்கொண்டிருக்கும் அமைச்சர் இருக்க மாட்டார். மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரியும் வட்டுதான் இத்தகைய படத்துக்குச் சரி. அதற்கு முந்தைய படங்களுக்கு நேர்மாறான ஆபத்து இப்போது வந்திருக்கிறது. அவை கிட்டத்தட்டச் சதுரமாக, 1.37 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகல டிவிக்காக ‘எச்டி’ ஆக்குகிறவர்கள் மேலும் கீழும் கால் பங்கை நறுக்கிவிடுகிறார்கள். நாட்டியப் படத்தில் கீழே நறுக்கினால் போவது பாதம். அடவும் சலங்கையும் இல்லாமல் இடுப்புவரைக்கும் ஆடும் பரதநாட்டியத்தைப் பார்க்க நேர்ந்தால் பழைய மங்கலான டிவிடி எவ்வளவு தேவலாம் என்று தோன்றும். திரையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று யாராவது குறைப்பட்டால், அது குறையில்லை என்று சொல்லுங்கள்.

ப்ளூரேவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920-க்கு 1080 புள்ளி, 25 அல்லது 50 ஜிபி, கீறல் எளிதில் விழாத மேற்பூச்சு. தொழில்நுட்பத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைக் காலத்துத் தமிழ்ப் படத்தை ப்ளூரேயில் பார்ப்பது அபூர்வம். புதுப்பித்துத் திரையரங்குக்கு வந்த ‘கர்ணன்’ (1964 படம், 2012 மறுவெளியீடு) போன்றவை பெரிய கூட்டத்தை இழுத்தும், அந்த உழைப்பு வீட்டு வட்டுகளாக நம் அலமாரிக்குத் தொடர்ந்து வரவில்லை. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் கதை வேறு. அவற்றின் நெகடிவ்கள் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் வெந்துபோயின. மிஞ்சியதையும் வேறு பிரதிகளையும் சேர்த்து இத்தாலியின் போலோன்யாவில் ஃபிரேம் ஃபிரேமாகப் புதுப்பித்து 2015இல் கொண்டுவந்தார்கள். அதைப் பார்க்க ப்ளூரே வாங்கலாம், நியாயம். ஒன்றைக் கவனியுங்கள்: ப்ளூரே உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. அமெரிக்கப் பதிப்பு ஏ, ஐரோப்பா பி, நாம் சி. உறவினர் நியூஜெர்சியிலிருந்து ஆசையாக வாங்கிவரும் பெட்டி நம் பிளேயரில் ஓடாமல் போகலாம். டிவிடியிலும் இதே கதைதான், நமக்கு எண் 5. ஆனால் எல்லாப் பகுதியும் ஓட்டும் டிவிடி பிளேயர் நம்மூரில் எளிதில் கிடைத்தது, ப்ளூரேயில் அது அரிது. பல ப்ளூரே பிளேயர்கள் விசிடியைத் தொடவே மாட்டா என்பதையும் நினைவில் வையுங்கள். வட்டு ஓட்டிகளின் தயாரிப்பும் சுருங்கிக்கொண்டே வருகிறது; ப்ளூரே பிளேயர் தயாரித்துவந்த ஆப்போ நிறுவனம் 2018இலேயே நிறுத்திவிட்டது.

தொலைக்காட்சித் தொடர்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழ். வீடியோ டேப்பில் எடுத்த தொடரின் மூலமே 576 கோடுதான். அதற்குமேல் உலகத்தில் எங்குமே இல்லை. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் நாம் பார்த்தது இந்த அளவைத்தான். ஆகவே டிவிடி அதற்குச் சரியான சட்டை. ப்ளூரேயில் போட்டால் ஒரே வட்டில் அதிக எபிசோடு அடங்கும், அவ்வளவே. இன்னொரு நுட்பமும் உண்டு. டேப் ஒளிபரப்பு நொடிக்கு ஐம்பது அரைப்படங்களாக வருவது. அதனால்தான் ஸ்டூடியோ நாடகத்தில் அசைவு வழுவழுவென்று இருக்கும். டிவிடி அந்த ஐம்பதையும் வைத்துக்கொள்ளும். விசிடி பாதியைத் தூக்கி எறியும். இணையத்தில் ஏற்றுகிறவர்களும் பெரும்பாலும் இருபத்தைந்தாக்கிவிடுகிறார்கள், கை வீசினால் சீப்புப் பல்போல் கோடுகள் வேறு.

ஆனால் தமிழ்த் தொடர்கள் டிவிடியில் வந்தது மிகக் குறைவு. நன்னிலத்துக்காரரான கே. பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ காலத்துத் தொடர்கள் ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிடும். மெகா தொடர்கள் அப்படியில்லை. விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் வீதம் ஐந்நூறு எபிசோடு என்றால் 180 மணி நேரத்துக்கு மேல். நல்ல தரத்தில் தொண்ணூறு டிவிடி. யார் அச்சிடுவார், யார் வாங்குவார்? அதனால் இங்கே மட்டும் நான் யூடியூபின் கட்சி. ‘மர்மதேசம்’ போன்றவற்றைத் தயாரித்த நிறுவனமே ஏற்றியிருக்கும்போது, தெருவோரம் யாரோ எழுதி விற்கும் வட்டை வாங்குவதில் அர்த்தமில்லை. அதேசமயம் வீட்டுப் பரணில் தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ பதிந்த விஎச்எஸ் கேசட் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமையின் பாட்டு வரிசையும் அறிவிப்பாளரின் குரலும் வேறெங்கும் இல்லாமல் போயிருக்கலாம். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் விசிஆரில் மட்டும் போட வேண்டாம். ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும்.

படங்களைப் பொறுத்தவரை யூடியூபை நம்பாததற்கு என் காரணம் எளியது. உரிமை கைமாறினால் படம் ஒரே இரவில் மறைகிறது. திரும்பி வரும்போது மூலையில் புதிய சின்னம், கணினி முலாம் பூசி ‘4கே’ என்ற பெயர். முகங்களில் சுருக்கமும் அம்மைத் தழும்பும் போய், எல்லோரும் மெழுகு பொம்மைகளாகிவிட்டார்கள். வட்டு அப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது.

அது தானே கெடும் என்பதுதான் நம் பகுதியின் பிரச்சினை. வட்டுகளுக்கு நிபுணர்கள் சொல்லும் ஈரப்பதம் இருபதிலிருந்து ஐம்பது சதவீதம், வெப்பம் இருபது டிகிரியை ஒட்டி. ஐப்பசி கார்த்திகையில் மாயவரத்தில் ஓட்டு வீட்டுச் சுவரே வியர்க்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றில் உப்பும் சேரும். சிடியில் விளிம்பிலிருந்து அலுமினியம் கறுக்கத் தொடங்கும். டிவிடியில் படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் மேல்கீறலுக்குத் தாங்கும். ஆனால் பெட்டியின் இறுகிய நடுப்பல்லிலிருந்து வளைத்துப் பிடுங்கினால் அந்தப் பசை விடும். நடுவை அழுத்தி விடுவித்துவிட்டு எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் உறைக் காகிதம்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும், பிறகு வட்டுக்குத் தாவும். காகித உறையைத் தனியாகக் கழற்றிப் பாலித்தீனில் வைத்துவிட்டு, வட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிமிர்த்தி வைப்பது என் பழக்கம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். நாப்தலீன் ஆவி அந்தப் பெட்டிகளின் பிளாஸ்டிக்கைப் பதம் பார்த்துவிடும். துடைத்தால் மென்பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் அந்தக் கீறல் தகவல் ஓடும் வழியிலேயே நீளமாக விழும்.

வாங்கும்போதே அடிப்பக்கத்தின் நிறத்தையும் பாருங்கள். அச்சடித்த வட்டு வெள்ளியாக இருக்கும். பச்சையோ நீலமோ ஊதாவோ அடித்தால் அது யாரோ கணினியில் எழுதியது. சாயத்தில் பதிந்த தகவல், நம் வெயிலில் சீக்கிரம் வெளிறும். திருட்டுப் பதிப்பு என்பது தனிக் குற்றம், காசும் வீண்.

எவ்வளவு பேணினாலும் நகல் இல்லாத சேகரிப்பு நிலைக்காது. சரஸ்வதி மகாலில் இருக்கும் நூல்கள் நம் காலம்வரை வந்ததே ஏடு நைவதற்குள் இன்னோர் ஏட்டில் பெயர்த்து எழுதியதால்தான். இதிலும் வேறு மார்க்கம் இல்லை. ஒரு டிபி ஹார்ட் டிஸ்கில் ஒற்றைப் படல டிவிடி இருநூறுக்கு மேல் அப்படியே அடங்கும். சுருக்காமல், முழு வட்டின் ஐஎஸ்ஓ கோப்பாகவே எடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கச் சுருக்கினால் ஏற்கெனவே மெலிந்த படம் இன்னும் மெலியும். கீறல் வட்டுக்கு, படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு மோசமான இடத்துக்குப் பிறகு திரும்பத் திரும்ப வரும் டிடிரெஸ்க்யூ போன்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஹார்ட் டிஸ்க் முன்னறிவிப்பின்றிச் சாகும், அதனால் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறிய பிறகு இதை டெல்டாவில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒன்றைத் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நகல் என்றதும் சட்டம் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். 1964 வரை வெளியான படங்களுக்கு அது முடிந்துவிட்டது. பாட்டுக்கும் கதைக்கும் தனி உரிமை இருக்கலாம், அதனால் உரிமை முடிந்த படத்தைக்கூட விற்பதற்கு முன் வக்கீலைக் கேட்பது நல்லது. நான் பேசுவது வீட்டு அலமாரிக்கான நகலைப் பற்றி மட்டும்.

இனி வாங்கும் வரிசை. முதல் செலவு வட்டில் இருக்க வேண்டாம். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றும், வேலை செய்யும் பழைய டிவிடி பிளேயர் ஒன்றும் உபரியாக வாங்கிவிடுங்கள். புதிய டிவிக்களில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள் இல்லாமல் போவதால், எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள பிளேயராகப் பாருங்கள். அடுத்து, கையில் இருக்கும் விசிடிக்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி டிவிடி உண்டா என்று விசாரியுங்கள். உண்டு என்றால் அதைத் தேடுங்கள். இல்லாதவற்றை இந்த மழைக்கு முன்பே கணினிக்கு மாற்றிவிடுங்கள். ‘MPEGAV’ என்ற கோப்புறைக்குள் இருக்கும், பெயர் .DAT என்று முடியும் கோப்புதான் படம், விஎல்சியில் அப்படியே ஓடும். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஏதாவது கடை இருப்பைக் காலி செய்கிறது என்று கேள்விப்பட்டால், பெரிய நடிகர்களின் படங்களை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, உறையில் இருக்கும் முகம் யாருடையது என்று உங்களுக்கே தெரியாத கறுப்பு வெள்ளைப் படங்களை முதலில் எடுங்கள். நட்சத்திரப் படங்கள் அடுத்த மாதமும் கிடைக்கும்.